இலண்டன் பெருநகர நெருக்கடிநிலை ஒருங்கிணைப்பு

இலண்டன் பெருநகர நெருக்கடிநிலை ஒருங்கிணைப்பு என்பது ஐக்கிய இராச்சியத்தின் தலைநகரான இலண்டனில் பெருந்தீ, குண்டுவெடிப்பு, வெள்ளம், தொற்றுநோய் முதலிய பேரிடர்களுக்கு முன்கூட்டியே திட்டமிடுவதற்கும், அவை நேரும்போது நகரிலுள்ள 33 உள்ளூராட்சி மன்றங்களும் ஒன்றாக இயங்குவதற்கும் ஏற்படுத்தப்பட்டுள்ள ஒழுங்குமுறையைக் குறிக்கும். தீயை அணைப்பதும் காயமுற்றோரை மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதும் இம்மன்றங்களின் பணிகள் அல்ல. அவை தீயணைப்புப் படைக்கும் ஆம்புலன்ஸ் சேவைக்கும் உரியவை. வீடிழந்தவர்களுக்கு உறைவிடமும் உணவும் பணமும் செய்தியும் கிடைக்கச் செய்தல், ஆபத்தான கட்டடங்களைச் சோதித்தல், சாலைகளை மூடுதல், இடிபாடுகளை அகற்றுதல், நகர வாழ்வை மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டு வருதல் ஆகியவை உள்ளூராட்சியின் பொறுப்பாகும். தீ சில மணி நேரத்தில் அல்லது சில நாட்களில் அணைந்துவிடும். உள்ளூராட்சியின் வேலை பெரும்பாலும் அதற்குப் பிறகே தொடங்கி மாதக் கணக்கில் நீடிக்கின்றது.

ஆட்சி அமைப்பு

இன்றைய இலண்டன் பெருநகரப் பகுதி 1965 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. ஏறத்தாழ 1,570 சதுர கிலோமீட்டர் பரப்பளவு கொண்ட இப்பகுதியில் 2021 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி சுமார் 88 இலட்சம் மக்கள் வாழ்ந்தனர். இது 32 பரோக்களாகவும், பழைமையான 'சிட்டி ஆஃப் இலண்டன்' என்னும் சிறு பகுதியாகவும் பிரிக்கப்பட்டுள்ளது. பரோ என்பது தனக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமும், அலுவலர்களும், வரவு செலவுத் திட்டமும் உடைய ஒரு நகரப் பிரிவாகும். பள்ளிகள், சமூக நலம், வீட்டு வசதி, குப்பை அகற்றல் போன்ற அன்றாடப் பணிகள் பரோ மன்றங்களிடமே உள்ளன.

பரோக்களுக்கு மேலாக 1965 முதல் இயங்கி வந்த இலண்டன் பெருநகர மன்றம் 1986 இல் கலைக்கப்பட்டது. அடுத்த 14 ஆண்டுகள் முழு நகருக்கும் பொதுவான தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி எதுவும் இருக்கவில்லை. தீயணைப்புக்கும் குடிசார் பாதுகாப்புக்கும் மட்டும் ஒரு கூட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. 2000 ஆம் ஆண்டு மேயர் பதவியும் இலண்டன் பெருநகர ஆட்சியகமும் ஏற்படுத்தப்பட்டன. எனினும் பரோ மன்றங்கள் மேயருக்குக் கீழ்ப்பட்டவை அல்ல. ஒரு பேரிடரின்போது இன்னதைச் செய்க என்று பரோவுக்கு ஆணையிடும் அதிகாரம் அவருக்கு இல்லை. நகரம் ஒன்று, மன்றங்கள் 33 என்னும் இந்த நிலையே இலண்டனின் நெருக்கடிகால ஏற்பாடுகள் அனைத்துக்கும் அடிப்படைச் சிக்கல் ஆகும்.

இரண்டாம் உலகப் போர்க் காலம்

இச்சிக்கல் புதியது அன்று. 1940 செப்டம்பர் 7 ஆம் நாள் தொடங்கி செருமானிய வானூர்திகள் இலண்டன் மீது தொடர்ந்து 57 இரவுகள் குண்டு வீசின. அக்காலத்தில் இலண்டன் குடிசார் பாதுகாப்பு வட்டாரத்தினுள் தொண்ணூறுக்கும் மேற்பட்ட உள்ளூராட்சி அமைப்புகள் இருந்தன. போருக்கு முன் செய்யப்பட்ட திட்டங்கள் பெருந்தொகையான இறப்புகளையும் நச்சு வாயுவையும் எதிர்பார்த்திருந்தன. உயிர் தப்பியும் வீடு இழந்து நிற்கப் போகும் மக்களைப் பற்றி அவை மிகக் குறைவாகவே எண்ணியிருந்தன. நகரின் மையப் பகுதியில் இடைத்தங்கல் நிலையங்களை நடத்துவது ஓர் அமைப்பின் பொறுப்பாகவும், அங்கிருந்து மக்களை வேறு வீடுகளில் குடியமர்த்துவது வேறு அமைப்புகளின் பொறுப்பாகவும் இருந்தது. சில மணி நேரம் தங்குவதற்கென ஒதுக்கப்பட்ட பள்ளிகளில் போதிய போர்வையும் கழிவறையும் இன்றி மக்கள் பல நாட்கள் காத்துக் கிடந்தனர்.

இதன் கொடிய எடுத்துக்காட்டு கிழக்கு இலண்டனில் கேனிங் டவுன் பகுதியிலிருந்த தெற்கு ஹால்ஸ்வில் பள்ளியாகும். அப்பகுதி அன்று வெஸ்ட் ஹாம் என்னும் தனி உள்ளூராட்சியைச் சேர்ந்தது. வீடிழந்த குடும்பங்கள் இப்பள்ளியில் தங்க வைக்கப்பட்டு, பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துச் செல்லப் பேருந்துகள் வரும் என்று கூறப்பட்டனர். பேருந்துகள் வரவில்லை. செப்டம்பர் 10 ஆம் நாள் அதிகாலையில் பள்ளி மீது குண்டு விழுந்தது. அதிகாரபூர்வமான கணக்கின்படி 77 பேர் இறந்தனர். உண்மையான எண்ணிக்கை இதனினும் பன்மடங்கு என்று அப்பகுதி மக்கள் நெடுங்காலமாக நம்பி வந்துள்ளனர். ஓட்டுநர்கள் கேனிங் டவுனுக்குப் பதிலாகக் கேம்டன் டவுனுக்குச் சென்றுவிட்டனர் என்று கூறப்படுவதுண்டு.

அம்மாத இறுதியில் அரசு ஹென்றி வில்லிங்க் என்பவரை இலண்டன் வட்டாரம் முழுவதிலும் வீடிழந்தோர் மறுகுடியேற்றத்துக்கான சிறப்பு ஆணையராக நியமித்தது. எல்லைகளைக் கடந்து செயற்படக்கூடிய ஒருவர் தேவை என்பது குண்டுவீச்சின் நடுவிலேயே உணரப்பட்டது எனலாம். 1941 ஆம் ஆண்டு நடுப்பகுதிக்குள் இலண்டன் வட்டாரத்தில் ஏறத்தாழ 14 இலட்சம் பேர், அதாவது ஆறில் ஒருவர், ஒரு முறையேனும் வீடிழந்திருந்தனர்.

சட்ட அடிப்படை

2001 செப்டம்பர் 11 ஆம் நாள் அமெரிக்காவில் நிகழ்ந்த தாக்குதல்களுக்குப் பின்னர் இலண்டனின் ஏற்பாடுகள் மீளாய்வு செய்யப்பட்டன. காவல்துறை, தீயணைப்பு, மருத்துவம், போக்குவரத்து, உள்ளூராட்சி, நடுவண் அரசு ஆகியவற்றின் பொறுப்பாளர்கள் ஒன்றாக அமரும் மன்றம் 2002 இல் உருவானது. இதுவே இன்றைய இலண்டன் பேரிடர் தாங்குதிறன் மன்றத்தின் முன்னோடியாகும்.

நாடு முழுவதுக்குமான அடிப்படைச் சட்டம் 2004 ஆம் ஆண்டின் குடிசார் நெருக்கடிநிலைகள் சட்டம் ஆகும். இது செயற்படும் அமைப்புகளை இரு வகைகளாகப் பிரிக்கின்றது. காவல்துறை, தீயணைப்புப் படை, ஆம்புலன்ஸ் சேவை, மருத்துவமனைகள், சுற்றுச்சூழல் முகமை, உள்ளூராட்சி மன்றங்கள் ஆகியன முதல் வகையைச் சேர்ந்தவை. மின்சாரம், எரிவளி, குடிநீர், தொலைபேசி நிறுவனங்களும் தொடர்வண்டி இயக்குநர்களும் இரண்டாம் வகையினர். முதல் வகையினர் இடர்களை மதிப்பிடவும், திட்டங்களை எழுதி வைக்கவும், பேரிடர் வேளையிலும் தம் பணி நில்லாதிருக்க வழி செய்யவும், பொதுமக்களுக்கு எச்சரிக்கையும் செய்தியும் தரவும் கடமைப்பட்டவர்கள். இரண்டாம் வகையினரின் கடமை ஒத்துழைப்பதும் தகவலைப் பகிர்வதும் ஆகும்.

இச்சட்டத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒவ்வோர் அமைப்பும் தன் கடமைக்குத் தானே பொறுப்பு. இவை கூடும் மன்றம் சட்டப்படி ஓர் ஆட்சி அமைப்பு அன்று. அதற்கு ஆணையிடும் அதிகாரம் இல்லை. ஒருங்கிணைப்பு என்னும் சொல் இங்கே இணக்கத்தையே குறிக்கின்றது.

செயற்படும் முறை

பிரித்தானியப் பேரிடர் நிருவாகத்தில் பொறுப்புகள் தங்கம், வெள்ளி, வெண்கலம் என மூன்று நிலைகளாகப் பெயரிடப்பட்டுள்ளன. 1985 இல் வடக்கு இலண்டனின் பிராட்வாட்டர் ஃபார்ம் குடியிருப்பில் நிகழ்ந்த கலவரத்துக்குப் பின் இலண்டன் பெருநகரக் காவல்துறை இம்முறையை உருவாக்கியது. நிகழ்விடத்தில் கையால் வேலை செய்பவர்களை நடத்துவது வெண்கல நிலை. வேலையை எப்படிச் செய்வது என்று திட்டமிடுவது வெள்ளி நிலை. என்ன நோக்கத்தை அடைய வேண்டும் என்று முடிவு செய்து, அதற்கான பணத்தையும் ஆட்களையும் ஒதுக்குவது தங்க நிலை. இவை பதவி உயர்வின் படிகள் அல்ல, பணியின் வகைகள் ஆகும்.

பெருநிகழ்வு ஒன்றின்போது பல அமைப்புகளின் தங்கநிலைப் பொறுப்பாளர்கள் ஓர் ஒருங்கிணைப்புக் குழுவாகக் கூடுவர். பெரும்பாலும் காவல்துறையே இதற்குத் தலைமை தாங்கும். 33 மன்றங்களிலிருந்தும் 33 பேர் இக்கூட்டத்துக்கு வந்தால் வேலை நடவாது. ஆகவே பரோக்களின் தலைமை நிறைவேற்று அலுவலர்கள் முறை வைத்து, ஒரு நேரத்தில் ஒருவர் எல்லா மன்றங்களின் சார்பிலும் பேசுகின்றனர். இவர் 'இலண்டன் உள்ளூராட்சித் தங்கநிலைப் பொறுப்பாளர்' எனப்படுகின்றார். இவருக்குத் துணையாக ஓர் ஒருங்கிணைப்பு மையம் பரோக்களிடமிருந்து நிலவர அறிக்கைகளைத் திரட்டித் தருகின்றது. பரோ மட்டத்தில் ஒவ்வொரு மன்றமும் தனது கட்டுப்பாட்டு அறையைத் திறக்கும். தொடர்பு அலுவலர் ஒருவரை நிகழ்விடத்துக்கு அனுப்பும். விளையாட்டு மையத்திலோ பள்ளியிலோ இடைத்தங்கல் நிலையம் அமைக்கும்.

ஒரு பரோவின் அலுவலர் இன்னொரு பரோவின் பெயரில் முடிவெடுக்க எவ்வாறு முடியும் என்ற வினா இங்கு எழும். இதற்கு விடையாக அமைந்தது 'தங்கநிலைத் தீர்மானம்' ஆகும். நெருக்கடி வேளையில் செலவு செய்வதற்கு உள்ளூராட்சி மன்றங்களுக்கு 1972 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டம், 138 ஆம் பிரிவின் கீழ் அதிகாரம் அளித்துள்ளது. இவ்வதிகாரத்தைப் பொறுப்பாளரின் மன்றத்துக்கு ஒப்படைப்பதாக ஒரே வாசகம் கொண்ட தீர்மானம் எல்லா மன்றங்களிலும் நிறைவேற்றப்பட்டது. எல்லா மன்றங்களும் நிறைவேற்றும் வரை அது நடைமுறைக்கு வராது என்பதும் அதன் வாசகத்திலேயே அடங்கியிருந்தது.

தீர்மானத்தின் மிக முக்கியமான பகுதி பணம் பற்றியதாகும். செலவு திருப்பித் தரப்படும் என்று அமைச்சர் உறுதியளித்தால் பொறுப்பாளர் செலவு செய்யலாம். நிகழ்வு அத்தனை பெரிதாக இல்லாவிடின், பாதிக்கப்பட்ட பரோ தானே அச்செலவை ஏற்பதாக உறுதியளிக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று இல்லாதபோது அவரால் ஒரு பவுண்டும் செலவிட இயலாது. ஆகவே ஒரே பரோவுக்குள் நிகழும் பேரிடரில், அந்தப் பரோ வாய்திறந்து உதவி கேட்டாலன்றி மற்ற 32 மன்றங்களின் வலிமையும் அசையாது. வரைந்தவர்கள் இதை ஒரு குறையாக எண்ணியிருக்க வாய்ப்பில்லை. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றத்தின் பணத்தை வெளியார் அதன் இசைவின்றிச் செலவிடலாகாது என்பது நியாயமான கொள்கையே.

2005 ஜூலை குண்டுவெடிப்புகள்

2005 ஜூலை 7 ஆம் நாள் காலையில் மூன்று சுரங்கத் தொடர்வண்டிகளிலும், டேவிஸ்டாக் சதுக்கத்தில் ஒரு பேருந்திலும் குண்டுகள் வெடித்தன. 52 பொதுமக்கள் கொல்லப்பட்டனர். 700க்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். வெடிப்பு நிகழ்ந்த இடங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட உள்ளூராட்சிப் பகுதிகளில் அமைந்திருந்தன. காணாமற்போனவர்களைத் தேடி வந்த உறவினர்களுக்காக வெஸ்ட்மின்ஸ்டர் பரோவிலுள்ள ஒரு விளையாட்டு மையத்தில் இரண்டு நாட்களில் உதவி மையம் திறக்கப்பட்டது. இடம் போதாமையால் சில நாட்களில் அது தோட்டக்கலைக் கழகத்தின் மண்டபத்துக்கு மாற்றப்பட்டது.

இலண்டன் சட்டமன்றக் குழு 2006 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, நகரின் ஏற்பாடுகள் மீட்புப் படைகளின் தேவைகளை மையமாகக் கொண்டிருந்தனவேயன்றி, சிக்கிக்கொண்ட மனிதர்களின் தேவைகளை அல்ல என்று சுட்டிக்காட்டியது. உயிர் தப்பியவர்களுக்கான வரவேற்பிடம் வெடிப்பு நிகழ்ந்த இடங்களில் முறையாக அமைக்கப்படவில்லை. எட்ஜ்வேர் சாலையில் அவர்கள் அருகிலிருந்த ஒரு கடையிலும் உணவு விடுதியுடன் கூடிய தங்கு விடுதியிலும் திரண்டனர். பெயரும் முகவரியும் எழுதி வைக்கப்படாமையால் பலர் வீடு திரும்பிய பின் அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. உதவி மையத்தின் பெயரில் 'குடும்பம்' என்ற சொல் இருந்ததால், அது இறந்தோரின் உறவினர்களுக்கு மட்டுமே உரியது என்று உயிர் தப்பியோரில் சிலர் எண்ணி ஒதுங்கினர். பின்னர் அதன் பெயர் மாற்றப்பட்டது.

கிரென்ஃபெல் கோபுரத் தீ

2017 ஜூன் 14 ஆம் நாள் அதிகாலையில், கென்சிங்டன்–செல்சி பரோவின் வடபகுதியிலுள்ள 24 மாடிகள் கொண்ட கிரென்ஃபெல் கோபுரத்தில் தீப்பற்றியது. முதல் அழைப்பு 00:54 மணிக்கு வந்தது. கட்டடத்தின் வெளிப்புறத்தில் பொருத்தப்பட்டிருந்த எரியக்கூடிய பொதிகை வழியாகத் தீ விரைந்து பரவி 72 பேரின் உயிரைப் பறித்தது. அக்கட்டடம் பரோ மன்றத்துக்கே சொந்தமானது. பாதிக்கப்பட்ட மக்களுக்கு உதவ வேண்டிய அமைப்பு, அவர்கள் கோபம் கொண்டிருந்த வீட்டு உரிமையாளராகவும் இருந்தது.

ஒருங்கிணைப்பின் குறை அந்த இரவே தெரிந்தது. இது பெருநிகழ்வு என்று காவல்துறை 01:26 மணிக்கும், தீயணைப்புப் படை 02:06 மணிக்கும், ஆம்புலன்ஸ் சேவை 02:26 மணிக்கும் அறிவித்தன. ஆனால் ஒன்று அறிவித்ததை மற்றவற்றுக்குச் சொல்லவில்லை. பரோ மன்றத்துக்கு 02:42 மணிக்கே தகவல் சென்றது. சேர்ந்து செயற்படுவதற்காகவே உருவாக்கப்பட்ட அறிவிப்பு, ஒவ்வோர் அமைப்பின் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது.

விடிந்த பின் நிகழ்ந்தவை இக்கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானவை. கோபுரத்திலிருந்து தப்பியவர்களோடு, பாதுகாப்புக்காக அருகிலுள்ள குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களும் தெருவில் நின்றனர். வெஸ்ட்வே விளையாட்டு மையம் முதன்மை இடைத்தங்கல் நிலையமாக்கப்பட்டது. பள்ளிவாசல், தேவாலயங்கள், உள்ளூர்த் தொண்டு அமைப்புகள் ஆகியன மன்றத்தின் ஏற்பாட்டுக்குக் காத்திராமல் கதவுகளைத் திறந்து உணவும் உடையும் வழங்கின. எத்தனை பேர் வீடிழந்தனர், யார் எங்கே தங்கியுள்ளனர், யாரைக் காணவில்லை என்பன பற்றிய ஒழுங்கான பதிவு மன்றத்திடம் இல்லை. குடும்பங்கள் நகரின் பல தங்கு விடுதிகளுக்கு அனுப்பப்பட்டன. அவர்களில் பலருக்கு அடுத்து என்ன என்பதைச் சொல்ல ஆளில்லை. அது ரமலான் மாதம். நோன்பிருந்தவர்களுக்கு ஏற்ற உணவு கிடைப்பது கூடப் பல விடுதிகளில் சிக்கலாயிற்று.

இந்நிலையிலும் மற்றப் பரோக்களின் உதவி முழு அளவில் கோரப்படவில்லை. நிலைமையைச் சமாளிக்க இயலும் என்று மன்றம் முதலில் கருதியது. தீ பற்றி இரண்டு நாட்கள் கடந்த பின், ஜூன் 16 ஆம் நாளே, தங்கநிலை ஏற்பாட்டின் கீழ் சிட்டி ஆஃப் இலண்டனின் தலைமை அலுவலர் ஜான் பாரடெல் பொறுப்பேற்றார். பல பரோக்களின் அலுவலர்கள், நடுவண் அரசு, செஞ்சிலுவைச் சங்கம் ஆகியோர் அடங்கிய குழு பணியைத் தொடர்ந்தது. கென்சிங்டன்–செல்சி மன்றத்தின் தலைமை நிறைவேற்று அலுவலரும் மன்றத் தலைவரும் அம்மாத இறுதிக்குள் பதவி விலகினர்.

நீதிபதி சர் மார்ட்டின் மூர்-பிக் தலைமையிலான பொது விசாரணை தனது இரண்டாவதும் இறுதியுமான அறிக்கையை 2024 செப்டம்பர் 4 ஆம் நாள் வெளியிட்டது. மன்றத்திடம் பயிற்சி பெற்ற பணியாளர்கள் போதிய அளவில் இருக்கவில்லை. எழுதப்பட்ட திட்டங்கள் இருந்தும் அவற்றை நடத்தும் வலு இருக்கவில்லை. மன்றத்தின் நற்பெயர் குறித்த கவலை உதவி கேட்பதற்குத் தடையாக நின்றது என்று அறிக்கை கண்டது. தங்கநிலைத் தீர்மானம் எழுதப்பட்டபோது, உதவி தேவைப்படும் பரோ அதைக் கேட்கும் என்று எடுத்துக்கொள்ளப்பட்டது. தனக்கு உதவி தேவை என்பதை உணரவும் ஒரு மன்றத்துக்குத் தேர்ந்த பணியாளர்கள் வேண்டும் என்பது அதில் கணக்கிடப்படவில்லை.

இதே மாதத்தில் வேறொரு காட்சியும் உண்டு. ஜூன் 23 ஆம் நாள் மாலை, கேம்டன் பரோ மன்றம் தீ ஆபத்தின் காரணமாகச் சால்கட்ஸ் குடியிருப்பின் மாடிக் கட்டடங்களிலிருந்து நூற்றுக்கணக்கான குடும்பங்களை ஒரே இரவில் வெளியேற்றத் தொடங்கியது. விளையாட்டு மையத்தின் தரையில் காற்றுமெத்தைகள் விரிக்கப்பட்டன. சிலர் வெளியேற மறுத்தனர். முன்னறிவிப்பு இல்லை என்ற கண்டனமும் எழுந்தது. எனினும் யார் முடிவெடுப்பது, யார் செலவை ஏற்பது என்பதில் அங்கே தயக்கம் இருக்கவில்லை.

பயிற்சிகள்

பெரும் ஒத்திகைகள் இவ்வேற்பாட்டின் ஒரு பகுதியாகும். 2003 செப்டம்பரில் பேங்க் சுரங்க நிலையத்தில் வேதிப்பொருள் தாக்குதலைக் கற்பனை செய்து ஒத்திகை நடைபெற்றது. 2016 இல் நடந்த நான்கு நாள் ஒத்திகையில், வாட்டர்லூ நிலையத்தின் மீது கட்டடம் இடிந்து விழுந்ததாகக் கொண்டு, டார்ட்ஃபோர்டில் கைவிடப்பட்ட ஒரு மின்நிலையத்தில் உண்மையான தொடர்வண்டிப் பெட்டிகள் இடிபாடுகளுக்குள் புதைக்கப்பட்டன. இத்தகைய ஒத்திகைகளில் மீட்புப் பணியே கண்ணுக்குப் புலப்படும் பகுதியாக அமைகின்றது. மூன்றாம் நாள் இரவில் 200 குடும்பங்களுக்கு அறை தேடும் வேலையை ஒத்திகை பார்ப்பது கடினம். அதைப் படம் பிடிக்க எவரும் வருவதுமில்லை.

2017 இற்குப் பிந்திய நிலை

கிரென்ஃபெல் தீயைத் தொடர்ந்து இலண்டன் மன்றங்கள் தமக்கெனப் பொதுவான தரநிலைகளை வகுத்து, ஒரு பரோவின் ஆயத்த நிலையை வேறு பரோவினர் சோதித்துப் பார்க்கும் முறையை மேற்கொண்டன. 2020 இல் கொரோனா பெருந்தொற்று வந்தபோது 33 மன்றங்களும் ஒரே நேரத்தில் பாதிக்கப்பட்டன. அண்டைப் பரோவிடம் ஆள் கேட்கும் வழி அப்போது பயனற்றுப் போனது. தெருவில் உறங்குவோரை விடுதிகளில் தங்க வைத்தல், வீட்டைவிட்டு வெளிவர இயலாதோருக்கு உணவு கொண்டு சேர்த்தல் முதலியன நகர மட்டத்திலும் பரோ மட்டத்திலும் பகிர்ந்து செய்யப்பட்டன. 2022 ஜூலை 19 ஆம் நாள் இலண்டனில் வெப்பநிலை முதன்முறையாக 40 பாகை செல்சியசைத் தாண்டியது. கிழக்கெல்லையிலுள்ள ஹேவரிங் பரோவின் வென்னிங்டன் சிற்றூரில் புல்வெளித் தீ பரவிப் பல வீடுகள் எரிந்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் தனக்கு மிகுந்த வேலை நேர்ந்த நாள் இதுவே என்று இலண்டன் தீயணைப்புப் படை கூறியது.

ஒருங்கிணைப்புக்கான அலுவலகம் முன்னர் தீயணைப்புப் படையுடன் இணைந்திருந்து, பின்னர் இலண்டன் பெருநகர ஆட்சியகத்துக்கு மாற்றப்பட்டது. மேயருக்கு முன்பிருந்ததைவிட நெருக்கமான தொடர்பு இதனால் ஏற்பட்டாலும், பரோக்களுக்கு ஆணையிடும் அதிகாரம் உருவாகவில்லை.

2024 ஆம் ஆண்டு அறிக்கையின் பரிந்துரைகள் மன்றங்களையும் நடுவண் அரசையும் நோக்கியவை. இடம்பெயர்ந்தோரின் விவரங்களைப் பதிவு செய்யும் முறையை வகுத்து அதைப் பயிற்சி செய்து பார்க்க வேண்டும். குறுகிய கால அறிவிப்பில் தங்குமிடமும் கையில் பணமும் தரும் ஏற்பாடு வேண்டும். தலைமை அலுவலர் உட்பட எல்லாப் பணியாளர்களுக்கும் பயிற்சி வேண்டும். தொண்டு, சமய அமைப்புகளுடன் முன்கூட்டியே உறவு பேண வேண்டும் என்று மன்றங்கள் தொடர்பில் அது கூறியது. 2004 ஆம் ஆண்டுச் சட்டத்தை மீளாய்வு செய்து, ஒரு மன்றம் தன் கடமையைச் செய்ய இயலாத நிலையில் குறிப்பிட்ட காலத்துக்கு அதன் பணிகளை ஓர் அமைச்சரே ஏற்று நடத்தும் அதிகாரம் வழங்கப்படலாமா என ஆராயுமாறும் பரிந்துரைத்தது. பாதிக்கப்பட்ட பரோ கேட்க வேண்டும் என்ற நிபந்தனை இந்த வழியில் கிடையாது.